தினையில் பூஞ்சையும் பூச்சியும்: கண்ணால் பார்த்து, கையால் இழுத்துக் கண்டுபிடிப்பது எப்படி

தினைக்கு நோயே வராது, மருந்தே தேவையில்லை என்று சொல்லிக்கொண்டு விதைப்பவர்கள் நிறையப் பேர். அது பாதி உண்மை. நெல்லுக்கும் பருத்திக்கும் வருகிற அளவு தொல்லை இதில் இல்லைதான். ஆனால் வருகிறவற்றில் கரிப்பூட்டை, பச்சைக்கதிர் நோய் இரண்டையும் விதைக்கும் முன்னே தடுக்காவிட்டால் பிறகு எந்த மருந்தும் பயிரை மீட்டுத் தராது. குருத்து ஈ முளைத்த முதல் மாதத்திலேயே கணக்கை முடித்துவிடும். குலை நோய்க்கு மழையும் யூரியாவும் சேர வேண்டும். துரு, இலைப்புள்ளி, வெட்டுக்கிளி எல்லாம் பெரும்பாலான வருடங்களில் பார்த்துவிட்டு நகர்ந்துவிடலாம்.

நடப்பதோ இதற்கு நேர்மாறு. விதையை மூட்டையிலிருந்து அப்படியே எடுத்துத் தூவிவிட்டு, கதிர் பால் பிடித்த பிறகு இலையில் துருவைப் பார்த்துப் பதறித் தெளிப்பானைத் தூக்குகிறார்கள். அந்தச் செலவில் கால் பங்கு விதை நேர்த்திக்குப் போயிருந்தால் போதும்.

விதைக்கும் முன்: கரிப்பூட்டையை இங்கேதான் நிறுத்த முடியும்

கரிப்பூட்டை நோயின் பூஞ்சை அஸ்டிலாகோ கிராமெரி. அதன் வித்துகள் விதையின் மேல்தோலில் தூசாக ஒட்டியிருக்கும். விதை முளைக்கும்போது அவையும் முளைத்து இளங்குருத்துக்குள் நுழைந்துவிடும். செடி வளர வளர உள்ளேயே ஏறிப்போய், மணி பிடிக்கும் நேரத்தில் மணி இருக்க வேண்டிய இடத்தில் கரித்தூளை நிரப்பிவிடும். இடைப்பட்ட இரண்டு மாதமும் செடி பார்க்க நன்றாகவே இருக்கும். அதனால் கரிப்பூட்டையைக் கண்ணால் பார்த்த பின் தெளிக்கிற மருந்து வீண்.

ஏக்கருக்கு வரிசை விதைப்பு என்றால் 4 கிலோ, தூவுவது என்றால் 5 கிலோ விதை. இந்த அளவுக்கு நேர்த்தி செய்ய ஒரு மணி நேர வேலைதான்.

முதலில் 10 லிட்டர் தண்ணீரில் 1 கிலோ கல்லுப்பைக் கரைத்து, விதையைக் கொட்டிக் கையால் நன்றாகக் கலக்குங்கள். பொக்கும், கரிப்பூட்டை பிடித்த மணிகளும் மேலே மிதக்கும். அரித்து எடுத்துத் தூரமாகக் கொட்டுங்கள். கீழே தங்கிய விதையை நல்ல தண்ணீரில் மூன்று முறை அலசி நிழலில் உலர்த்த வேண்டும். அலசாமல் விட்டால் உப்பு முளைப்பைக் கெடுக்கும். இதோடு வேலை முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். உடைந்த கரிமணியின் தூள் நல்ல விதையின் மேலும் ஒட்டியிருக்கும், அது மிதக்காது.

அந்தத் தூளைக் கொல்ல இரண்டு வழி. ஒன்று, கிலோ விதைக்கு 2 கிராம் கார்பன்டாசிம் என்ற பூஞ்சைக்கொல்லி. மூடியுள்ள பிளாஸ்டிக் வாளியில் விதையையும் தூளையும் போட்டு, விதை எல்லாம் ஒரே நிறமாகும்வரை உருட்டுங்கள். கையுறை வேண்டும். இந்த விதையில் மிச்சம் இருந்தால் கோழிக்குப் போடக் கூடாது, சமையலுக்கும் எடுக்கக் கூடாது.

ரசாயனம் வேண்டாம் என்பவர்களுக்கு வெந்நீர் முறை: 55 டிகிரி செல்சியஸ், 10 நிமிடம். எழுதும்போது எளிதாகத் தெரிகிறது, தவறுவது இதில்தான் அதிகம். கை வைத்துப் பார்த்துச் சூட்டைத் தீர்மானிக்க முடியாது, வெப்பமானி கட்டாயம். இரண்டு மூன்று டிகிரி குறைந்தால் பூஞ்சை பிழைத்துக்கொள்ளும், கூடினால் விதையின் முளை செத்துவிடும். துணிப்பையில் பாதிக்கு மேல் விதை போடாதீர்கள், நடுவில் உள்ள விதைக்குச் சூடு போய்ச் சேராது. பையை முதலில் வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு நிமிடம் முக்கிவிட்டு, பிறகு பெரிய அண்டாவில் உள்ள 55 டிகிரித் தண்ணீரில் இறக்குங்கள். விதை இறங்கியதும் சூடு குறையும், பக்கத்தில் கொதிநீர் வைத்துக்கொண்டு சிறிது சிறிதாக ஊற்றி நிலைநிறுத்த வேண்டும். பத்தாவது நிமிடம் எடுத்து உடனே குளிர்ந்த தண்ணீரில் போட்டு, நிழலில் பரப்புங்கள்.

எந்த முறையானாலும் மொத்த விதையில் கைவைக்கும் முன் ஒரு பிடியில் செய்து, 100 விதைகளை ஈரச் சாக்கில் சுருட்டி வையுங்கள். சான்று விதைக்குக் குறைந்தபட்ச முளைப்பு 75 சதவீதம். உங்கள் விதை அதற்குக் கீழே போனால் சூடு அதிகம், அல்லது விதையே பழையது. நேர்த்தி செய்யாத 100 விதையையும் பக்கத்தில் போட்டு வைத்தால் இரண்டில் எது காரணம் என்று தெரிந்துவிடும்.

அசோஸ்பைரில்லம் என்ற உயிர் உரம் கலப்பவர்கள் கார்பன்டாசிம் நேர்த்தி முடிந்து ஒரு நாள் கழித்து, ஆறிய கஞ்சியில் குழைத்துக் கலந்து, உடனே விதைத்துவிட வேண்டும். டிரைக்கோடெர்மா கிலோவுக்கு 4 கிராம் கலப்பதாக இருந்தால் கார்பன்டாசிம் அறவே கூடாது. டிரைக்கோடெர்மாவும் ஒரு பூஞ்சைதான், மருந்து அதையும் சேர்த்துக் கொல்லும். கடையில் இரண்டையும் ஒன்றாகக் கட்டிக் கொடுப்பதுண்டு, வாங்கி வந்து ஒரே வாளியில் கொட்டுகிறவர்களும் உண்டு.

வரப்பில் நிற்கிற சொந்தக்காரர்கள்

தினை, நரிவால் புல் இனத்தைச் சேர்ந்தது. செட்டேரியா என்பது இனப்பெயர். சீனாவில் எட்டாயிரம் ஆண்டுகளுக்கும் முன்பே பச்சை நரிவால் புல்லிலிருந்து பயிராக்கப்பட்டது. நம் வரப்புகளில் அதன் வேறு இரண்டு உறவுகள் சாதாரணமாக நிற்கும். ஒன்று, நடந்து போகும்போது கதிர் வேட்டியில், சேலையில் ஒட்டிக்கொண்டு வருவது. அதன் மயிர்களில் உள்ள நுண்முட்கள் பின்பக்கம் திரும்பியிருப்பதால் துணியை விடாது. இன்னொன்று மஞ்சள் நரிவால். விறைத்த கதிர், பழுத்தால் பொன்மஞ்சள். இலையின் அடியில், தண்டை ஒட்டிய இடத்தில், நீண்ட மயிர்கள் ஆங்காங்கே நிற்கும்.

பயிருக்கும் புல்லுக்கும் உறுதியான வித்தியாசம் கதிரில்தான். புல்லின் மணி பழுத்ததும் தானே உதிரும், தினை மணி அடித்தால்தான் உதிரும். நாற்றுப் பருவத்தில் இரண்டையும் பிரித்தறிவது தேர்ந்த கைக்கும் கஷ்டம். தூவி விதைத்தால் களையெடுக்கும்போது புல்லை விட்டுத் தினையைப் பிடுங்குவது நடக்கும். 25 சென்டிமீட்டர் இடைவெளியில் வரிசை போட்டால், வரிசைக்கு வெளியே நிற்பதெல்லாம் களை என்று கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம்.

இந்தப் புற்களைக் கவனிக்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. தினையில் வருகிற துரு, குலை, படைப்புழு, கதிர் நாவாய்ப் பூச்சி எல்லாம் பயிர் இல்லாத மாதங்களில் இந்த மாதிரிப் புற்களில்தான் காலம் தள்ளுகின்றன. நெல்லைத் தாக்கும் குலை நோய்ப் பூஞ்சையே ஆதியில் நரிவால் இனத்தில் இருந்த ஒரு வகையிலிருந்து நெல்லுக்குத் தாவியது என்று மரபணு ஆய்வுகள் காட்டுகின்றன. துருப் பூஞ்சைக்கு நறுவிலி இனத்து மரமொன்றும் இடைத்தங்கல் இடமாக இருக்கிறது. அதற்காக மரத்தை வெட்டப் போகாதீர்கள், புல் இருக்கிறவரை துருவுக்கு மரம் தேவையே இல்லை.

வரப்பைச் செதுக்குவதற்கும் நேரம் உண்டு. விதைப்புக்கு முன் ஒரு தடவை, கதிர் வெளிவருவதற்கு முன் இன்னொரு தடவை. பால் பிடிக்கும் நேரத்தில் வரப்புப் புல்லை வெட்டினால், அதில் உட்கார்ந்திருந்த நாவாய்ப் பூச்சி அத்தனையும் பக்கத்திலுள்ள தினைக் கதிருக்குக் குடிபெயரும். அந்த வாரத்தில் அரிவாளைக் கீழே வைத்துவிடுவது நல்லது.

முதல் 30 நாள்: நடுக்குருத்து காய்ந்தால்

மானாவாரிக்கு ஆடிப்பட்டம், இறவைக்குத் தை–மாசி. ஊரோடு சேர்ந்து முதல் மழைக்கே விதைத்தவர்கள் குருத்து ஈயிடமிருந்து பெரும்பாலும் தப்பிவிடுவார்கள். இரண்டு மூன்று வாரம் பிந்தினால், முன்னால் விதைத்த காடுகளில் பெருகிய ஈ அத்தனையும் பிந்திய இளம்பயிரைத் தேடி வரும். தாமதமாக விதைக்க நேர்ந்தால் விதையளவைக் கால் பங்கு கூட்டி, 18–20ஆம் நாள் அதிகச் செடிகளைப் பிடுங்கிக் கலைக்கும்போது ஈ தாக்கியதைக் கழித்து, செடிக்குச் செடி 10 சென்டிமீட்டர் விட்டு நிறுத்துங்கள்.

ஈ சின்னது, சாம்பல் நிறம், வீட்டு ஈயைவிடச் சிறியது. இலையின் அடிப்பக்கத்தில் நரம்புக்கு இணையாக வெள்ளை முட்டையைத் தனித்தனியாக ஒட்டும். முட்டையிலிருந்து வரும் புழு குருத்துக்குள் இறங்கி வளர்நுனியை அறுத்து, அழுகியதைத் தின்னும். நடு இலை வாடி மஞ்சளாகிக் காயும், சுற்றியுள்ள இலைகள் பச்சையாகவே இருக்கும்.

நடுக்குருத்தைக் காயவைக்கிற இன்னொருவர் இளஞ்சிவப்புத் தண்டுத் துளைப்பான். இரண்டுக்கும் செய்ய வேண்டியது வேறு என்பதால் குழப்பிக்கொள்ளக் கூடாது. காய்ந்த குருத்தை இரண்டு விரலால் பிடித்து மேல்நோக்கி இழுத்துப் பாருங்கள். குருத்து ஈ என்றால் தடையே இல்லாமல் கையோடு வரும், அடிநுனி கொழகொழவென்று அழுகி நாறும். செடியின் அடியைப் பிளந்தால் காலும் தலையும் தெரியாத வெளிர்மஞ்சள் புழு, அரிசி மணி நீளம், கிடக்கும். துளைப்பான் என்றால் தண்டின் பக்கவாட்டில் ஒரு துளை, துளையை ஒட்டி ஈரமான எச்சத்தூள். பிளந்தால் உள்ளே கால்கள் உள்ள, முதுகு இளஞ்சிவப்பான, தலை பழுப்பான புழு. பயிரின் வயதும் சொல்லும்: மூன்று நான்கு வாரத்துக்குள் என்றால் அநேகமாக ஈ, தண்டு திரண்ட பிறகு என்றால் துளைப்பான்.

எண்ணிப் பார்க்காமல் மருந்தைத் தொடாதீர்கள். காட்டில் ஐந்து இடத்தில், ஓரத்தை விட்டு உள்ளே தள்ளி, இடத்துக்கு 20 செடி பாருங்கள். நூற்றுக்குப் பத்து குருத்து காய்ந்திருந்தால் ஏதாவது செய்ய வேண்டும். சோளத்துக்குச் சொல்லும் இந்த எல்லை தினைக்கும் நடைமுறையில் பொருந்தும். அதற்குக் கீழே என்றால் காய்ந்த செடிகளைப் பிடுங்கி, காட்டுக்கு வெளியே கொண்டுபோய்ப் புதைத்தால் போதும். பிடுங்கி வரப்பில் வீசினால் புழு கூட்டுப்புழுவாகி மறுபடி ஈயாகத் திரும்பி வரும்.

கருவாட்டுப் பொறி மலிவான வேலை. பக்கவாட்டில் துளையிட்ட பிளாஸ்டிக் டப்பாவில் கருவாட்டுத்தூளை ஈரமாக்கி வைத்து, அடியில் சோப்புத் தண்ணீர் நிற்கும்படி செய்து, ஏக்கருக்கு 5 என்று பயிர் உயரத்தில் கட்டுங்கள். பயிருக்கு 30 நாள் ஆகும்வரை இருந்தால் போதும். தூள் காய்ந்தால் ஈ வராது, இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீர் தெளித்து வாரம் ஒருமுறை தூளை மாற்றுங்கள். நாய் எட்டாத இடமாகப் பார்த்துக் கட்டுவதும் முக்கியம்.

தெளிப்பதாக இருந்தால் வேப்பங்கொட்டைச் சாறு 5 சதவீதம். 5 கிலோ பருப்பை இடித்து 10 லிட்டர் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவைத்து, துணியில் வடிகட்டி, 100 லிட்டராக்கி, 200 கிராம் காதி சோப்பைக் கரைத்துச் சேருங்கள். மாலையில், அன்றைக்கே தெளித்துவிட வேண்டும், வெயில் பட்டாலும் நாள் கடந்தாலும் வீரியம் போய்விடும். குருத்துக்குள் இறங்கிவிட்ட புழுவை இது ஒன்றும் செய்யாது. முட்டையிட வரும் ஈயை விரட்டத்தான் இது. அதனால் 7ஆம் நாள் ஒன்று, 14ஆம் நாள் ஒன்று என்று முன்கூட்டியே தெளித்தால்தான் பயன்.

வளர்நுனி போன தினை சும்மா இருக்காது, அடியிலிருந்து பக்கக் கிளைகளாகத் தூர் வெடிக்கும். அதைப் பார்த்து ஆறுதல் அடைய வேண்டாம். பிந்தி வருகிற தூர்களின் கதிர் மற்றவற்றோடு சேர்ந்து பழுக்காது, அறுவடையில் பாதி பச்சையாக இருக்கும்.

விடியற்காலையில் பார்க்க வேண்டிய நோய்

அடிச்சாம்பல் என்றும் பச்சைக்கதிர் என்றும் சொல்வது ஒரே நோயின் இரண்டு கட்டங்கள். காரணம் ஸ்கிளிரோஸ்போரா கிராமினிகோலா. வழக்கத்தில் பூஞ்சை என்கிறோம், உண்மையில் அது நீர்ப்பாசிகளுக்கு நெருங்கிய வேறு கூட்டம். பூஞ்சைக்கென்று வாங்கும் கார்பன்டாசிம் இதன்மேல் வேலை செய்யாததற்குக் காரணம் அதுதான்.

மூன்று வாரப் பயிரில் சில செடிகளின் இலை வெளுத்து, அடியிலிருந்து நுனி நோக்கி மஞ்சள் பட்டையாகப் போகும். காலை ஏழு மணிக்கு முன், பனி உலராத நேரத்தில், இலையைத் திருப்பி அடிப்பக்கம் பாருங்கள். மாவு தூவியதுபோல் வெள்ளைப் படிவு இருந்தால் இதுதான். பத்து மணிக்குப் போனால் படிவு காய்ந்து உதிர்ந்திருக்கும், வெறும் இரும்புச்சத்துக் குறை என்று தோன்றும். சந்தேகம் என்றால் இலையைப் பறித்து, நனைத்த செய்தித்தாளில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் கட்டி, அறையின் குளிர்ந்த மூலையில் இரவு வையுங்கள். நோய் என்றால் காலையில் அடிப்பக்கம் வெள்ளை பூத்திருக்கும். சத்துக் குறை என்றால் இலை வைத்தபடி இருக்கும்.

கவனிக்காமல் விட்டால் அடுத்த கட்டத்தில் இலை பழுத்து நீளவாக்கில் நார் நாராகக் கிழியும். கிழிசலிலிருந்து பழுப்புத்தூள் கொட்டும். அது இந்த நோயின் உறங்கும் வித்து. மண்ணில் பல ஆண்டு கிடந்து பிழைக்கும். கதிர் வந்தால் பூ இருக்க வேண்டிய இடத்தில் குட்டி குட்டி இலைகள் முளைத்து, கதிர் முழுவதும் பச்சைத் துடைப்பம்போல் நிற்கும். ஒரு மணியும் தேறாது.

முக்கியமான வேலை, இலை கிழியும் முன் பிடுங்குவது. பையை எடுத்துக்கொண்டு போய், செடியை வேரோடு பிடுங்கிப் பைக்குள்ளேயே போட்டு, வெளியே கொண்டுபோய் எரியுங்கள். எருக்குழியில் போட்டால் அடுத்த ஆண்டு எருவோடு நீங்களே நோயை விதைப்பீர்கள். பிடுங்கிய செடியைத் தோளில் போட்டுக் காடு முழுக்க நடப்பதும் அதே காரியம்தான்.

முந்தைய ஆண்டு இந்த நோய் வந்த நிலம் என்றால் மெட்டலாக்சில் 35 சதவீதம் உள்ள விதைநேர்த்தித் தூளை, கம்புக்குச் சொல்லும் அளவான கிலோவுக்கு 6 கிராம் என்ற கணக்கில் கலந்து விதைக்கலாம். அதைவிட நல்லது, இரண்டு மூன்று ஆண்டு அந்த நிலத்தில் துவரை, கொள்ளு, நிலக்கடலை என்று மாற்றிப் போடுவது. கம்பைத் தாக்கும் வகையும் தினையைத் தாக்கும் வகையும் பொதுவாக வேறு வேறு. இருந்தாலும் நோய் கண்ட நிலத்தில் இரண்டையும் அடுத்தடுத்துப் போடாமல் இருப்பதே பத்திரம்.

இலைப்புள்ளிகள்: விரலால் தேய்த்துப் பாருங்கள்

குலை நோயின் புள்ளி கண் வடிவம். இரண்டு முனையும் கூர்மை, நடுவில் சாம்பல், விளிம்பு பழுப்பு. துருவோ சின்னச் சின்னப் பழுப்புக் கொப்புளம், இலையின் இரண்டு பக்கமும் இருக்கும். தூரத்திலிருந்து பார்த்துக் குழம்புகிறவர்கள் விரலை நனைக்காமல் இலைமேல் தேய்க்கட்டும். விரலில் செங்கல்தூள் ஒட்டினால் துரு. ஒன்றும் ஒட்டாவிட்டால் குலை நோயோ பழுப்புப் புள்ளியோ. பழுப்புப் புள்ளி நீள்வட்டமாக முழுக்கப் பழுப்பாக இருக்கும், சாம்பல் நடு இருக்காது. மெலிந்த நிலத்தில்தான் அதிகம். மருந்தைவிட எருதான் அதற்கு மாற்று.

குலை நோய்க்கு மட்டும் பயப்படலாம். மேகமூட்டம், இரவில் குளிர், இலையில் எட்டு பத்து மணி நேரம் ஈரம், கூடவே தழைச்சத்து அதிகம் என்றால் ஒரே வாரத்தில் பரவும். கதிர்க் காம்பைத் தாக்கினால் கதிர் வெளுத்து ஒடிந்து தொங்கும், அதன் பிறகு தெளித்துப் பயனில்லை. சிறுதானியங்களுக்கான பரிந்துரை ஹெக்டேருக்குத் தழைச்சத்து 44 கிலோ, மணிச்சத்து 22 கிலோ. ஏக்கர் கணக்கில் யூரியா சுமார் 39 கிலோ, சூப்பர் பாஸ்பேட் சுமார் 56 கிலோ. யூரியாவில் பாதியை அடியுரமாகவும் மீதியை மூன்றாவது வாரக் களையெடுப்புக்குப் பின்னும் போடுங்கள். அந்த நேரத்தில் கண் வடிவப் புள்ளி தெரிந்தால் இரண்டாவது யூரியாவை வெயில் அடிக்கும்வரை தள்ளிப்போடுங்கள். பயிர் வெளுத்திருக்கிறதே என்று இரக்கப்பட்டு ஒரு மூட்டை கூடுதலாகப் போட்ட காடுதான் முதலில் விழும்.

புள்ளி கண்டதும் சூடோமோனாஸ் என்ற நன்மை செய்யும் பாக்டீரியாத் தூள் லிட்டருக்கு 2 கிராம், ஏக்கருக்கு 200 லிட்டர் கரைசல், பதினைந்து நாள் இடைவெளியில் இரண்டு மூன்று முறை. அடங்காமல் கதிர் வரும் நேரத்தில் மேலிலைகளுக்கு ஏறினால் கார்பன்டாசிம் லிட்டருக்கு 1 கிராம். கைக்கு வந்த மருந்தையெல்லாம் அடிக்காதீர்கள். தினை என்று லேபிளில் பதிவாகியிருக்கும் மருந்துகள் மிகச் சொற்பம். ஏற்றுமதிக்கோ இயற்கை அங்காடிக்கோ விற்பவர்கள் எச்சப் பரிசோதனையில் மாட்டுவது இதனால்தான். வட்டார வேளாண் அலுவலகத்தில் கேட்டுவிட்டு வாங்குங்கள். திருவண்ணாமலை மாவட்டத்துக்காரர்களுக்கு அத்தியந்தலில் உள்ள வேளாண் பல்கலைக்கழகத்தின் சிறுதானிய மகத்துவ மையம் பக்கம்.

துரு பெரும்பாலும் கடைசியில் வருகிறது. மணி பால் கட்டி இறுகத் தொடங்கிய பிறகு வந்த துருவுக்குச் செலவு செய்யாதீர்கள். பூக்கும் முன்னே மேலிலைகள் வரை ஏறினால் மட்டும் மான்கோசெப் லிட்டருக்கு 2 கிராம்.

கதிர் வந்த பிறகு

பாட்டுகளில் தினைக்கு எதிரி என்றால் கிளிதான் முதலில் நினைவுக்கு வரும். காட்டில் நிற்பவர்களுக்கு இரவில் வருகிறவர்களும் தெரிய வேண்டும்.

ஒரே இரவில் இலையெல்லாம் நடுநரம்பு மட்டும் மிஞ்சி நின்றால் படைப்புழு. பகலில் குருத்திலும் மண் வெடிப்பிலும் ஒளிந்திருப்பதால் காலையில் பார்த்தால் ஆளைக் காணோம், வெட்டுக்கிளி என்று நினைப்பார்கள். டார்ச் விளக்கோடு இரவு எட்டு மணிக்குப் போய்ப் பாருங்கள். மாலையில் வைக்கோலைச் சிறு சிறு கட்டாக வரிசைகளுக்கு இடையில் போட்டு வைத்தால் விடிகிற நேரம் அதன் அடியில் வந்து ஒதுங்கியிருக்கும். பொறுக்கி எடுத்துச் சோப்புத் தண்ணீரில் போடலாம். இறவைக் காடு என்றால் ஒரு தண்ணீர் நிறைத்துக் கட்டினால் வெடிப்பிலிருந்து மேலே வரும், காக்கையும் மைனாவும் மீதியைப் பார்த்துக்கொள்ளும். இந்தியாவில் 2018இல் கர்நாடகத்தில் முதலில் கண்டுபிடிக்கப்பட்ட அமெரிக்கப் படைப்புழு மக்காச்சோளத்தை விரும்புவது. பக்கத்தில் மக்காச்சோளக் காடு இருந்தால் தினைக் குருத்தையும் பிரித்துப் பாருங்கள். தலையில் தலைகீழ் ஒய் குறி, வால்பக்கம் சதுரமாக நான்கு புள்ளி இருந்தால் அதுதான்.

வெள்ளைப் புழுக்கூடுகள் பஞ்சுக் கட்டிபோல் இலையில் ஒட்டியிருந்தால் அதை நசுக்காதீர்கள். படைப்புழுவுக்குள் வளர்ந்து வெளியே வந்த ஒட்டுண்ணிக் குளவிகள் அவை. அந்தக் காட்டில் அவசரப்பட்டு மருந்தைத் தொடாதீர்கள்.

கதிர் நாவாய்ப் பூச்சியைக் கண்ணைவிட மூக்கு சீக்கிரம் கண்டுபிடிக்கும். மணி பால் பிடித்திருக்கும் ஏழு பத்து நாளில்தான் ஆபத்து. ஊசி வாயால் பாலை உறிஞ்சிவிடும், மணி பொக்காகி ஒரு பழுப்புப் புள்ளியோடு நிற்கும். காலையிலும் அந்தியிலும் கதிரில் உட்கார்ந்திருக்கும், உச்சிவெயிலில் கீழே இறங்கிவிடும். வேப்பங்கொட்டைச் சாறு தெளிப்பதும் வலை வீசிப் பிடிப்பதும் காலை எட்டு மணிக்குள் முடிய வேண்டும்.

இதே நேரத்தில் கரிப்பூட்டையும் வெளியே தெரியும். கதிரில் சில மணிகள் மற்றதைவிடச் சற்றுப் பெரிதாக, சாம்பல்வெள்ளைத் தோலோடு இருக்கும். நகத்தால் கீறினால் கரித்தூள் கொட்டும். மழையில் நனைந்து மேலே கறுத்த கதிரையும் சிலர் கரிப்பூட்டை என்று ஒதுக்குவார்கள். துடைத்துவிட்டு மணியைக் கடித்துப் பாருங்கள், உள்ளே மாவு இருந்தால் அது மேல்பூச்சான பூசணம்தான்.

கரிக்கதிரை நிற்கும்போதே, காற்றில்லாத காலையில், கதிர்மேல் பையை மாட்டிவிட்டு அறுத்து எடுங்கள். களத்துக்கு வந்துவிட்டால் தாம்பு ஓட்டும்போதோ இயந்திரத்தில் போடும்போதோ ஒரு கதிரின் தூள் மூட்டை மூட்டையாக நல்ல மணியில் ஏறும். அடுத்த ஆண்டுக்கான விதையை, கரி இல்லாத பகுதியில் நல்ல கதிராகத் தனியே பொறுக்கி, முதலில் அடித்துவிடுங்கள். வாடகை இயந்திரம் வேறு காட்டிலிருந்து வந்திருந்தால் விதைக்கதிரை அதில் போடாமல் கையாலேயே அடிப்பது மேல்.

மூட்டை கட்டும்போது

ஈரப்பதம் 10–12 சதவீதத்துக்கு வர வேண்டும். இரண்டு மூன்று நாள் நல்ல வெயில் போதும். பல்லில் வைத்துக் கடித்தால் நசுங்காமல் டக்கென்று உடைய வேண்டும். சூடு ஆறாமல் மூட்டை கட்டினால் உள்ளே வியர்த்துப் பூசணம் பிடிக்கும்.

உமியோடு இருக்கிற தினையை வண்டுகள் எளிதில் தொடாது. மணி சின்னது, உமி கெட்டி, துளைத்து உள்ளே வாழ இடமில்லை. காய்ந்த மூட்டையை மரப்பலகைமேல், சுவரை விட்டு ஓர் அடி தள்ளி அடுக்கினால் ஆண்டுக்கணக்கில் நிற்கும். உமி நீக்கி அரிசியாக்கினால் கதை வேறு. உடைந்த குருணையில் சிவப்பு மாவு வண்டு இரண்டு மாதத்தில் வந்துவிடும், கொழுப்பு காறி வாடையும் அடிக்கும். அரைத்து வைத்து விற்பதைவிட உமியோடு வைத்திருந்து, ஒரு மாதத்துக்கு வேண்டியதை மட்டும் குத்திக்கொள்ளுங்கள். குத்தியதைச் சலித்துக் குருணையை நீக்கி, காற்றுப் புகாத டப்பாவில் அடையுங்கள்.